வலது வளைவில் ஜாக்குலின்

ஜாக்குலினை நல்ல ஓட்டுநர் என்று சொல்ல முடியாது. வலது வளைவில் அவருடைய ரிமோட் கார் பின்பக்கம் வழுக்கி, பம்பரம்போல் சுற்றி நின்றுவிடும். இடது வளைவில் ஒரு குறையும் இல்லை.

அவர் செங்கல்பட்டில் ஒரு ஸ்கேன் மையத்தில் எக்ஸ்ரே எடுப்பவர். வீடு புதுப்பட்டினத்தில். பெற்றோர் திருக்கழுக்குன்றத்துப் பக்கம் பிறர் வயலில் நாற்று நட்டவர்கள். காரை அண்ணன் துபாயிலிருந்து தன் மகனுக்காகக் கொண்டுவந்தார். பெட்டியைத் திறந்தால் கார் இல்லை, உதிரிகள்தான் இருந்தன. பையன் மூடிவைத்துவிட்டான். அத்தை மூடவில்லை.

2006இல் மறைமலை நகர்ப் பக்கம் ஒரு கம்பெனியின் கார் நிறுத்துமிடம் இரண்டாம் சனிக்கிழமைகளில் காலியாகக் கிடக்கும். தண்ணீர்க் குழாய்களை வளைத்துப் போட்டுப் பாதை அமைத்து, பத்துப் பன்னிரண்டு பேர் ரிமோட் கார்ப் போட்டி நடத்துவார்கள். பெரும்பாலும் கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள். ஜாக்குலின் ஸ்பிரிங் மாற்றினார், ஷாக் அப்சார்பருக்குள் கெட்டியான எண்ணெய் ஊற்றினார், அடித்தகட்டின் ஓரங்களை அரத்தால் தேய்த்து அதைச் சற்று நெகிழவிட்டார். வலது வளைவு மட்டும் மசியவில்லை.

"வண்டியில ஒண்ணுமில்லக்கா. உங்க கைதான்" என்றான் கூடுவாஞ்சேரி பிரவின்குமார். அந்தக் காரை விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தவன் அவன். "வலது பக்கம் வந்தாலே பயந்துக்கிறீங்க."

கைதான் என்றால் காரை அவனிடமே கொடுத்துவிடுவது என்று ஜாக்குலின் முடிவுசெய்திருந்தார். ஆனால் கைதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு யோசனை தோன்றியது.

"உன் வண்டிய நான் ஓட்டுறேன் தம்பி. என்னுத நீ ஓட்டு."

அவன் கையிலும் அவருடைய கார் வலது வளைவில் சுற்றியது. ஆக, வண்டிதான். ஆனால் அவனுடைய காரை வலது வளைவில் ஜாக்குலின் அகலமாகக் கொண்டுபோய்க் குழாயில் இடித்தார். அது யார் கையிலும் அப்படிப் போனதில்லை. ஆக, கைதான்.

"இன்னாக்கா இது, ரெண்டுமா?" என்று சிரித்தான் பிரவின்குமார். ஜாக்குலினுக்குச் சிரிப்பு வரவில்லை. ரெண்டும் என்றால் எது முதலில்?

காரின் நான்கு சக்கரமும் சமமாக நிற்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. சமதளத்தில் வைத்து, முன்பக்கத்தை நடுவில் ஸ்குரு டிரைவர் முனையால் தூக்க வேண்டும். இரண்டு முன்சக்கரமும் ஒன்றாக எழுந்தால் சரி. அவர் எப்போதும் வீட்டில் கேரம் போர்டின் மேல்தான் அதைச் செய்வார். அன்று வீட்டுக்கு வந்து பார்த்தபோதும் சக்கரங்கள் ஒன்றாகவே எழுந்தன.

எலும்பை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் படமெடுத்தால் முறிவு தெரியாமல் போகலாம். திருப்பிவைத்து இன்னொரு படம் எடுப்பது அவருடைய அன்றாட வேலை. காரை அதே போர்டில் கால் சுற்று திருப்பிவைத்துத் தூக்கினார். இடது சக்கரம் முந்திக்கொண்டு எழுந்தது.

"யோவ், இங்க வாய்யா" என்று கணவரைக் கூப்பிட்டார். தேவசகாயம் குனிந்து போர்டின் விளிம்போடு கண்ணை வைத்துப் பார்த்தார்.

"கடல்காத்துல முறுக்கிக்கினு கீது. அதான் நான் தோத்துகினே இருந்தேன்!"

"நீ தோத்ததுக்கும் போர்டுக்கும் சம்பந்தமில்ல."

முறுக்கிய போர்டில் சமமாக நிற்கும்படி திருகித் திருகி, காரையும் அவரே முறுக்கிவைத்திருந்தார். ஓட்டும்போது அந்தக் கார் வலது வளைவில் வழுக்கும் என்று கை கற்றுக்கொண்டது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, திருப்பத்தையும் குறைத்தது. நேரான காருக்கு அந்தப் படிப்பு உதவவில்லை.

கண்ணாடிக் கடையில் தடித்த கண்ணாடி ஒன்றை வெட்டி வாங்கிவந்தார். அதையும் நம்பாமல், காரை நான்கு திசையிலும் திருப்பிவைத்துப் பார்த்தே ஸ்பிரிங்குகளைத் திருகினார்.

அடுத்த போட்டியின் முதல் சுற்றுகளில் அவருடைய கார் வலது வளைவில் ஒருமுறையும் வழுக்கவில்லை. ஒவ்வொரு முறையும் அகலமாகப் போய்க் குழாயில் இடித்தது.

"பழையபடி திருகிடுங்கக்கா" என்றான் பிரவின்குமார் இடைவேளையில். அவன் இப்போது கேலி செய்யவில்லை. "அந்த வண்டிக்குத்தான் உங்க கை பழகிகீது. நாலாவதாவது வருவீங்க."

அது உண்மைதான். ஸ்குரு டிரைவரும் கையில் இருந்தது. ஜாக்குலின் அதைப் பைக்குள் வைத்தார்.

"திருகிட்டா, எது என் தப்பு எது அதோட தப்புன்னு மறுபடியும் தெரியாமப் போயிடும் தம்பி."

இறுதிச் சுற்றுகளில் அவர் கடைசிக்கு முந்தைய இடம். ஒரே ஒரு வலது வளைவில் மட்டும் கை வேகத்தையும் திருப்பத்தையும் குறைக்கவில்லை. கார் குழாயை ஒட்டித் திரும்பி நேராகப் போயிற்று. அடுத்ததில் மறுபடியும் இடித்தது.

"அப்ப கைதான்னு ஒத்துக்கிறீங்க. வண்டிய எனக்குக் குடுத்துடறீங்களா?"

"கைதான்" என்றார் ஜாக்குலின், சக்கரத்தில் ஒட்டியிருந்த மணலைத் துடைத்துக்கொண்டே. "வேற எதும் இல்லன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. இப்பப் போய் இன்னாத்துக்குக் குடுக்கிறது?"