கக்கூஸ் கமிட்டி

எங்கள் கமிட்டியின் முதல் கூட்டத்திலேயே ஒருவருக்கு மூக்கு உடைந்தது. பெஞ்சின் காலைப் பிடுங்கி அடித்தவர், ஞாயிறு தவறாமல் மாதா கோயிலில் முன்வரிசையில் முழங்காலிடும் மில் ஃபிட்டர். அடி வாங்கியவர் பலசரக்குக் கடை அண்ணாச்சி. தாராவியில் எங்கள் சந்துக்கு வரப்போகும் கக்கூஸ் மாரியம்மன் கோயில் பக்கமா, மாதா கோயில் பக்கமா என்பதுதான் சண்டை. ரத்தம் என் சேலையிலும் தெறித்தது. அவர் மூக்கைப் பற்றிய கவலையைவிட, சேலையைத் துவைக்க வீட்டில் தண்ணீர் இல்லையே என்ற எரிச்சல்தான் எனக்கு அதிகமாக இருந்தது.

அறுபதுகளின் பிற்பகுதி அது. முனிசிபாலிட்டியிலிருந்து ஓர் அதிகாரி வந்து, கதவு போட்ட கக்கூஸ் வரிசை ஒன்று கட்டித் தருகிறோம், ஆனால் இடத்தை நீங்களே ஒற்றுமையாகச் சொல்ல வேண்டும், எல்லாத் தரப்பு ஆட்களும் சேர்ந்து ஒரு கமிட்டி போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லாத் தரப்பு என்றதும் எங்கள் ஆட்கள் பூரித்துப் போனார்கள். இந்துக்களுக்கு அண்ணாச்சி, கிறிஸ்தவர்களுக்கு ஃபிட்டர், முஸ்லிம்களுக்குத் தோல் பட்டறை முதலாளி. ஒரு பெண்ணும் வேண்டும் என்று அதிகாரி சொன்னதால் நான். முனிசிபல் பள்ளியில் படித்த புண்ணியத்தில் எனக்கு மராத்தி பேச வரும், அதிகாரியோடு பேச ஆள் கிடைத்த மாதிரியும் ஆயிற்று. மும்மதமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டது என்று சந்து முழுக்கப் பெருமை. மூன்று பேருமே திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள் என்பதும், சாக்கடைக்கு அந்தப் பக்கம் ஒரு வரிசை நிறைய மராத்திக்காரர்கள் குடியிருக்கிறார்கள் என்பதும் யாருக்கும் உறைக்கவில்லை.

எனக்கு அந்தக் கமிட்டியில் வேண்டியிருந்தது ஒன்றுதான். என் நாத்தனாருக்கு ஒரு கதவு.

பெண்கள் நாங்கள் விடியுமுன் கூட்டமாக உப்பங்கழி ஓரம் போய்வருவோம். சாக்கடைக்கு இந்தப் பக்கத்துப் பெண்களும் அந்தப் பக்கத்துப் பெண்களும் ஒன்றாகத்தான் போவோம். ஒருத்தி மாற்றி ஒருத்தி அரிக்கேன் விளக்கோடு காவல் நிற்போம். புதரில் பதுங்கியிருந்து கல்லெறிவதற்கென்றே சில தடிப்பயல்கள் வருவார்கள். ஒரு நாள் அப்படி வந்த கல் என் நாத்தனாரின் நெற்றியை எலும்பு தெரியப் பிளந்துவிட்டது. குப்புற விழுந்தவளைச் சேற்றுக்குள் இழுக்கப் பார்த்தார்கள். அன்று காவலுக்கு நின்ற எதிர் வரிசை மராத்திக்கார அக்கா, கையிலிருந்த விளக்கை ஒருவன் முகத்திலேயே உடைத்தாள். மண்ணெண்ணெய் பற்றிக்கொண்டு அவன் தலைமுடி எரிய எரிய ஓடினான். அந்த வாடை எனக்குப் பிடித்திருந்தது. இதைச் சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் கிடையாது.

அதற்குப் பிறகு நாத்தனார் கழிப் பக்கம் வர மறுத்துவிட்டாள். போக வேண்டி வருமே என்று சோற்றைக் குறைத்தாள், பிறகு தண்ணீரையும் நிறுத்தினாள். புருஷன் கப்பலில் இருந்தார், வயிற்றில் பிள்ளை இருந்தது. உதடு வெடித்துக் காய்ச்சலில் கிடந்துகொண்டு, "மதினி, என்னைய அங்கன கூட்டிட்டுப் போவாதீய. நான் இங்கனயே செத்துப் போயிருதேன்," என்பாள். இப்படியே கிடந்தால் தாயும் தங்காது, பிள்ளையும் தங்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

இங்கே கமிட்டியில் ஆளாளுக்கு நாட்டாமை. இரண்டாவது கூட்டத்தில் பள்ளிவாசல் பக்கம் கட்டலாமே என்று யாரோ சொல்லப்போக, முதலாளியின் சட்டை கிழிந்தது. அவருடைய பட்டறை ஆட்கள் தோல் சீவும் கத்தியோடு வாசலில் வந்து நின்றார்கள். மூன்றாவது கூட்டத்தில் மூவருக்கும் ஒரே நேரத்தில் ஞானம் பிறந்தது. சாக்கடைக்கு அந்தப் பக்கம் ஒரு காலி மைதானம் இருக்கிறதே. அங்கே மாரியம்மனும் இல்லை, மாதாவும் இல்லை, பள்ளிவாசலும் இல்லை. கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். டீ வரவழைத்தார்கள்.

"அது அவங்க கணபதி வைக்கித எடம்லா?" என்றேன். "அவங்க ஆளு ஒருத்தரையாவது கூப்பிட்டுக் கேக்க வேண்டாமா?"

முதலாளி பொறுமையாகச் சொன்னார். "அவங்க இந்த ஊர்க்காரங்கம்மா. ஊரே அவங்களுது. பொழைக்க வந்த நமக்குத்தான் கமிட்டி. அவங்களுக்கு எதுக்கு?"

அதை அவர் மரியாதையாகத்தான் சொன்னார், அதுதான் கொடுமை. நான் டீ கிளாஸைச் சுவரில் விட்டெறிந்தேன். "குழாயடியில பேசுத பேச்ச இங்க பேசாதம்மா," என்றார் அண்ணாச்சி, இன்னும் வீக்கம் வற்றாத மூக்கோடு. மறுநாள் என்னை விட்டுவிட்டு அதிகாரியிடம் மூவருமே போய் அரைகுறை இந்தியில் ஒற்றுமையைச் சொல்லிவிட்டு வந்தார்கள்.

நான் எதிர் வரிசை அக்காவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவள் தன் புருஷனிடம் சொன்னாள். அவர் மீசையைத் தடவிக்கொண்டு, வரட்டும், பார்த்துக்கொள்கிறோம் என்றார்.

மதராஸிகளை அடித்து விரட்டு என்று ஊரெல்லாம் கத்திக்கொண்டிருந்த காலம் அது. மாட்டுங்காவில் இட்லிக் கடைக் கண்ணாடிகள் நொறுங்கிக் கிடந்தன. அந்த நேரம் பார்த்துத்தான், முனிசிபாலிட்டி வருவதற்குள் குழியையாவது தோண்டி இடத்தைப் பிடித்துவிடுவோம் என்று எங்கள் ஆட்கள் கணபதி மைதானத்தில் கடப்பாரை போட்டார்கள். குழி இடுப்பளவு போனதும் முதல் சோடா பாட்டில் வந்து விழுந்தது. அப்புறம் எது எங்கிருந்து வந்ததென்று சொல்ல முடியாது. அண்ணாச்சியைக் குழிக்குள் தள்ளி மண்வெட்டிக் காம்பால் அடித்தார்கள். ஃபிட்டரின் ஒரு காது பாதி தொங்கியது. என் வீட்டுக்காரருக்கு முழங்கை எலும்பு வெளியே வந்துவிட்டது. எங்கள் ஆட்களும் சளைக்கவில்லை. பட்டறைக் கத்தி ஒன்று எதிர் வரிசை அக்காவின் புருஷனைத் தோளிலிருந்து முழங்கைவரை கிழித்தது. பதிலுக்கு அவர்கள் பட்டறைக்குத் தீ வைத்தார்கள். போலீஸ் லாரி வந்து, நின்றவன் விழுந்தவன் என்று பார்க்காமல் எல்லாரையும் லத்தியால் சாத்தியது. அன்று யாரும் சாகவில்லை. அதற்கு நன்றி சொல்ல வேண்டியவர்கள் எங்கள் ஆண்கள் அல்ல, அவர்கள் தங்களால் ஆனதைச் செய்தார்கள்.

தகராறு தீரும்வரை கக்கூஸ் கிடையாது என்று அதிகாரி சொல்லி அனுப்பிவிட்டார். இந்தப் பக்கத்துப் பெண்கள் அந்தப் பக்கத்துப் பெண்களோடு பேசக்கூடாது, கழிக்கும் சேர்ந்து போகக்கூடாது என்று இரண்டு பக்கத்து ஆண்களும் ஒரே மாதிரி உத்தரவு போட்டார்கள். இனி விளக்குப் பிடிக்கவும் ஆள் இல்லை. என் நாத்தனார் கண்ணைத் திறக்காமல் கிடந்தாள்.

மறுநாள் விடிந்ததும் வீட்டு அரிவாளை எடுத்துக்கொண்டு, அவளைத் தோளில் சாய்த்து நடத்திக்கொண்டு, சாக்கடையைத் தாண்டினேன். குழி அப்படியே திறந்து கிடந்தது. எதிர் வரிசை அக்கா என்னைப் பார்த்தாள், நாத்தனாரைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் உள்ளே போனாள். திரும்பி வந்தபோது இடுப்பில் கொடுவாள் இருந்தது, கை நிறையக் கோணிச் சாக்குகள் இருந்தன. அவள் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள் கணபதிப் பந்தலுக்கு வைத்திருந்த மூங்கில்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"உங்கள் பிள்ளையார் இடமாயிற்றே, அக்கா," என்றேன் மராத்தியில்.

"பிள்ளையாருக்கு வருஷத்தில் சில நாள்தான். நமக்குத் தினமும்," என்றாள்.

மூங்கில் நட்டுச் சாக்குக் கட்டினோம், குழிமேல் இரண்டு பலகை போட்டோம். கட்டி முடிப்பதற்குள் இரண்டு பக்கமும் ஆண்கள் கூடிவிட்டார்கள். தலையிலும் கையிலும் துணிக் கட்டோடு ஒரு பக்கம் எங்கள் கமிட்டி, ஒரு பக்கம் அவர்களுடைய பையன்கள், எல்லார் கையிலும் கம்பு. முதலில் முன்னால் வந்தது எங்கள் ஃபிட்டர். சாக்கைப் பிடுங்கக் கை நீட்டினார். அரிவாளைத் திருப்பி மொட்டைப் பக்கத்தால் மணிக்கட்டில் போட்டேன், எலும்பு முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. அந்தப் பக்கத்திலிருந்து அக்காவின் கொழுந்தன் பாய்ந்து வந்தான். அவள் சொந்தக் கொழுந்தன் என்று பார்க்காமல் கெண்டைக்காலில் ஒரு வெட்டு வெட்டினாள். அதோடு எல்லாரும் நின்றார்கள்.

அண்ணாச்சிதான் மெதுவாகப் பேசினார். "ஏம்மா, எடம் யாருக்குன்னு இன்னும் முடிவாகலையே. கமிட்டி கூடிப் பேசாம நீங்களா இப்படி..."

"உள்ள ஆள் இருக்கு," என்றேன். "அந்தப் பக்கமாத் திரும்பி நில்லுங்க."

அக்கா அதையே மராத்தியில் தன் ஆட்களுக்குச் சொன்னாள். பிறகு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாகத் திரும்பத் தொடங்கி, கடைசியில் எல்லாருமே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். என் நாத்தனார் வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. நாங்கள் யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.