மூன்றாவது தடவை எடுத்த பூ

மகள் பிறந்தபோது என் மனைவிக்கு வயிற்றில் தையல் போட்டார்கள். பல வருஷம் கழித்து அந்த இடம் தளர்ந்து விட்டுப்போய்விட்டது. இருமினால் தொப்புளுக்குக் கீழே எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைக்கும். கையால் அழுத்தினால் உள்ளே போய்விடும். ஹெர்னியா என்றார்கள்.

டாக்டரம்மா வெள்ளைக்காரர். அவர் பேசுவதைப் போனில் ஒரு தமிழ்ப் பெண் மொழிபெயர்த்து எங்களுக்குச் சொன்னார். ஆபரேஷனுக்கு இரண்டு வழி இருக்கிறதாம். இரண்டிலும் பெரிதாகக் கிழிக்க மாட்டார்கள், சின்னத் துளைகள்தான். முதல் வழியில் ஓட்டையை உள்பக்கமாக ஒரு வலையால் மூடி, பொடி ஆணிகளால் பிடிக்க வைப்பார்கள். சீக்கிரம் முடியும். ஆனால் ஆணி இருக்கும் இடம் சிலருக்குக் கொஞ்ச நாள் வலிக்கும். இரண்டாவதில், டாக்டரே ரோபோவின் கைகளை ஓட்டி, ஓட்டையைத் தைத்து, வலையைத் தசைக்குப் பின்னால் வைப்பார். வலை குடலில் படாது, ஆணியும் கிடையாது. மயக்கத்தில்தான் அதிக நேரம் கிடக்க வேண்டும்.

"உங்களுக்கு ரெண்டுமே பொருந்துமாம். நீங்களே முடிவு பண்ணுங்கன்னு சொல்றாங்க" என்றார் போனில் இருந்த பெண்.

முதல் வழிக்கு அடுத்த வாரமே தேதி இருந்தது. ரோபோவுக்கு அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை.

அந்த வெள்ளிக்கிழமை நாங்கள் இருக்கும் பேர்லேண்ட் ஊர்க் கோயிலில் அம்மன் புறப்பாடு. பல்லக்குத் தூக்க என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

காரில் வரும்போது, "எனக்கு ஒண்ணும் புரியலைங்க. அம்மன்கிட்ட பூ வச்சுக் கேட்டுடலாம். நான் பொங்கல் வைக்கிறேன், நீங்களே பூ எடுங்க" என்றாள். பெண் பார்த்தாலும் வீடு வாங்கினாலும் பூ வைத்துக் கேட்பது எங்கள் வீட்டு வழக்கம்.

மறுநாள் காலை அவள் அடுப்படியில் பொங்கல் கிண்டிக்கொண்டிருந்தாள். நான் ஆணி வைக்கும் வழிக்கு வெள்ளைப் பூ, ரோபோவுக்குச் சிவப்புப் பூ என்று நினைத்து, ஒரே மாதிரி காகிதத்தில் மடித்துப் படத்தின் முன்னால் போட்டேன். கண்ணை மூடி எடுத்தேன். சிவப்பு.

"தாயே, சரியாக் குலுக்கலை" என்று சொல்லி மறுபடி மடித்தேன். அம்மனிடமே பொய். மறுபடியும் சிவப்பு. மூன்றாவது தடவை வெள்ளை வந்தது.

"வெள்ளைதான் கொடுத்திருக்கா. ஆணி வைக்கிற வழி, அடுத்த வாரமே பண்ணிடலாம்" என்றேன். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் டாக்டர் சொன்ன அந்தச் சிலரில் இவளும் ஒருத்தி ஆகிவிட்டாள். படுக்கையில் புரள முடியாது. தும்மல் வந்தால் தலையணையை வயிற்றோடு அமுக்கிக்கொள்வாள். நான் எழுப்பி உட்கார வைக்கும்போது, "அம்மன் சொல்லிச் செஞ்சது, சரியாப் போயிடும்" என்று எனக்கே தைரியம் சொல்வாள். மாத்திரை டப்பாவைத் தேடுவது போல முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

புறப்பாட்டன்று பல்லக்கு என் தோளில் இருந்தது. அவள் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்து, அம்மனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு நிமிரவே முடியவில்லை. கனத்தால் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

திரும்பி வரும்போது ஃப்ரீவேயில் சொல்லிவிட்டேன். மூன்று தடவை எடுத்ததையும், ஏன் எடுத்தேன் என்பதையும்.

அவள் சீட் பெல்ட்டை வயிற்றில் படாமல் விலக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "பல்லக்குத் தூக்கணும்னு சொல்லியிருந்தா நானே அந்தத் தேதிக்குச் சரின்னிருப்பேனே" என்றாள்.

"தப்புதான்."

"அம்மன் கொடுத்த வலின்னு நினைச்சுத்தாங்க பல்லைக் கடிச்சிட்டுக் கிடந்தேன். இனிமே யார் கொடுத்ததுன்னு நினைச்சுத் தாங்கறது?"

ஃப்ரீவேயை விட்டு இறங்கி, அவள் வயிறு குலுங்காமல் மெதுவாக ஓட்டினேன்.

அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கப் போனபோது, "நீங்க வெளியிலயே இருங்க" என்று சொல்லிவிட்டு அவள் மட்டும் உள்ளே போனாள். போனில் அந்தத் தமிழ்ப் பெண்ணிடம் அவள் ஒவ்வொன்றாகக் கேட்பது கதவுக்கு இந்தப் பக்கம் கேட்டது. வலி எத்தனை நாள் இருக்கும், எதைத் தூக்கலாம், ஆணி உள்ளேயே இருந்துவிடுமா. முதல் தடவை வந்த அன்றைக்கே அருகில் உட்கார்ந்து நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள்.