ஒரு கைக்கு ஏற்ற மெஷின்

ஓட்டோ புரண்ட நாளிலிருந்து, நுரைச்சோலையில் பஸீனாவின் குசினியில் தேநீரைத் தவிர வேறெதுவும் கொதித்ததில்லை. பாலாவிப் பக்கத்தில், குறுக்கே வந்த மாட்டுக்கு விலகப் போன ஓட்டோ குடைசாய்ந்தது. அவளுடைய வலது கை அதனடியில் அகப்பட்டது. சிலாபம் ஆஸ்பத்திரியில் எலும்பைப் பொருத்தினார்கள். எலும்பு கூடியது, நரம்பு கூடவில்லை. முழங்கை மடங்கும், தோள் உயரும். விரல்கள் மட்டும் யாருடையவோ போல மடியில் கிடந்தன.

"இனி இடது கையைப் பழக்குங்க" என்று டொக்டர் சொன்னபோது பஸீனா அழவில்லை. வீட்டுக்கு வந்து துருவலையைக் கண்டபோதுதான் அழுகை வந்தது. தேங்காயைப் பிடிக்க ஒரு கை வேண்டும், துருவலையின் பிடியைச் சுற்ற ஒரு கை வேண்டும்.

அவள் ஊரில் பேரெடுத்த சமையல்காரி அல்ல. கலியாண வீட்டுச் சட்டிகளுக்கு அவளை யாரும் தேடி வந்ததில்லை. ஆனால் கலியாணம் முடித்த நாள் முதல் தன் வீட்டுச் சோற்றைத் தானே ஆக்கியவள். கணவன் ஜௌபர் வெங்காயத் தோட்டத்திலிருந்து வந்து கைகால் கழுவும்போது மேசையில் சோற்றுக் கோப்பை இருக்கும். இப்போது அந்த நேரத்தில் சோற்றுப் பார்சலோடு வந்து நிற்பவள் ஜௌபரின் உடன்பிறந்த ராத்தா ஸுலைஹா. இரண்டு வீடு தள்ளி இருப்பவள். ஒரு நாளும் தவறவிட்டதில்லை, ஒரு நாளும் முகம் சுளித்ததுமில்லை. அதுதான் பஸீனாவுக்குத் தாங்கவில்லை. சண்டைக்காரியென்றால் வேண்டாமென்று சொல்லிவிடலாம்.

ஒரு நாள் சாப்பிட்டு முடித்த பார்சல் தாளை இடது கையால் மடித்தபடி சொன்னாள்:

"இனி நான் ஆக்கப் போறன்."

ஜௌபர் நிமிர்ந்து பார்த்தான். "எப்பிடி?"

"அது தெரியா. ஆனா ஆக்கப் போறன்."

செய்தி கேட்ட ஸுலைஹா மறுநாளே தன் பிளெண்டரைக் கொண்டுவந்து வைத்தாள். மகன் குவைத்திலிருந்து அனுப்பியது. "எனக்கு இது சும்மா கிடக்கு புள்ள. நீயே வெச்சுக்க."

ஜௌபர் காலையில் தேங்காயை உடைத்துக் கீறி எடுத்துவிட்டுப் போனான். பஸீனா பிளெண்டரின் ஜாடியில் தேங்காய்த் துண்டுகளையும் வெங்காயத்தையும் காரத்துக்குக் கொச்சிக்காயையும் போட்டுப் பொத்தானை அமத்தினாள். அடியில் இருந்தது கூழானது. மேலே இருந்தது போட்டபடியே கிடந்தது.

"தண்ணி ஊத்து. தண்ணி இல்லாம சுத்தாது" என்றாள் ஸுலைஹா.

தண்ணீர் ஊற்றியதும் எல்லாம் சுழன்றது. உதிரியான தேங்காய்ச் சம்பல் என்று நினைத்தது பாண் துண்டு தோய்க்கும் தண்ணீராக வந்தது. பஸீனா விடவில்லை. அந்தக் கிழமை முழுக்க அந்த மெஷினோடு மல்லுக்கட்டினாள். தேங்காய்ப் பாலுக்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை என்பதை ஒத்துக்கொண்டாள். உழுந்தை ஊறவைத்து அரைத்தாள், அதுவும் நன்றாக வந்தது. ஆனால் வெங்காயம் வெட்ட முடியவில்லை. ரொட்டி மாவைப் போட்டபோது மெஷின் முனகி, சூடாகி, கருகல் வாசம் அடித்தது. பயந்து நிறுத்தினாள்.

சிலாபத்தில் கட்டிக்கொடுத்த மகள் நஸ்ஹாவுக்கு அன்றைக்கே போன் எடுத்தாள்.

"உம்மா, பிளெண்டர் தண்ணிச் சாமானுக்குத்தான்" என்றாள் நஸ்ஹா. "ஃபுட் புரொசெசர் எண்டு ஒண்டு இருக்கு. வெட்டும், துருவும், மாவும் குழைக்கும். ஆனா மூடி, கத்தி, தட்டு எண்டு நிறையச் சாமான். கழுவுறது கரைச்சல். ஒரு கையால பூட்ட ஏலுமோ தெரியா."

"ஏலுமோ ஏலாதோ, பார்த்தாத்தானே தெரியும்."

ஜௌபருக்கு மனமில்லை. "ஒரு மெஷின் சும்மா வந்திருக்கு. இன்னொண்டு எதுக்கு?"

"தேங்காப்பால் கடையில பக்கெட்டிலயும் வருது" என்றாள் பஸீனா. "சம்பல் பக்கெட்டில வராது. ரொட்டி மாவும் வராது. என்ட கைக்கு ஏலாம போனதைச் செய்யிற மெஷின்தான் எனக்கு வேணும்."

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் இருவரும் புத்தளம் டவுனுக்குப் பஸ் ஏறினார்கள். பஸீனாவின் மடியில் ஒரு பை இருந்தது. கீறிய தேங்காய், உரித்த வெங்காயம், ஒரு டப்பாவில் கோதுமை மாவு.

கடைக்காரர் அத்தாஉல்லா பையைப் பார்த்துத் திகைத்தார். "ராத்தா, புது மெஷினில சாமான் போட்டா பிறகு நான் யாருக்கு விக்கிறது?"

"காட்டுறதுக்கு வெச்சிருக்கிறதில போடுங்க நானா. ஓடுறதைப் பார்க்காம நான் வாங்க மாட்டன். எனக்கு ஒரு கைதான்."

அவர் அவளுடைய வலது கையைப் பார்த்தார். பிறகு கண்ணாடி அலுமாரியைத் திறந்து மெஷினை இறக்கி வைத்தார்.

கிண்ணத்தை வைத்துத் திருப்பினால்தான் பூட்டும். மூடியையும் அப்படியே திருப்ப வேண்டும். பஸீனா இடது கையால் மூடியைத் திருப்பினாள். மெஷினும் சேர்ந்து திரும்பியது. மறுபடி முயன்றாள், மேசையில் வழுக்கிக்கொண்டு போனது. ஜௌபர் கையை நீட்டினான். கடைக்காரரும் நீட்டினார்.

"விடுங்க நானா. வீட்ட நீங்க வந்து நிக்கப் போறதில்லையே."

சற்று யோசித்தாள். வலது முன்கையைத் தூக்கி, மெஷினை அணைப்பதுபோல் அதைச் சுற்றிப் போட்டு நெஞ்சோடு சேர்த்து இறுக்கினாள். விரல்கள் உதவாவிட்டாலும் கை கைதான், பாரம் இருந்தது. இடது கையால் திருப்பினாள். டக்கென்று பூட்டியது.

கழற்றினாள், மறுபடி பூட்டினாள். திரும்பவும் கழற்றிப் பூட்டினாள். கடைக்குள் வந்த ஆட்கள் நின்று பார்ப்பதை அவள் கவனிக்கவே இல்லை. பிறகுதான் தேங்காயைப் போட்டு அமத்தினாள். தண்ணீர் ஒரு சொட்டுக்கூட இல்லாமல் அது பூவாக உதிர்ந்தது. மாவும் கொஞ்ச நேரத்தில் உருண்டு திரண்டது.

"இதைத் தாங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாம் நேராகிவிடவில்லை. முதல் நாள் விரலை எடுக்காமல் அமத்தி வைத்ததில் சம்பல் களியானது. தொட்டுத் தொட்டு விட வேண்டும் என்பதை இரண்டு தேங்காய் கெட்ட பிறகே கண்டுகொண்டாள். பாலையும் இதிலேயே எடுக்கலாமென்று வெந்நீர் ஊற்றியபோது கிண்ணத்தின் நடுவிலிருந்த துவாரத்தால் ஒழுகி மேசையெல்லாம் வெள்ளையானது. கத்தி கழுவும்போது பெருவிரலைக் கிழித்துக்கொண்டாள். துணி சுற்றிக் கட்டிவிட்டு ஜௌபர், "போதும் புள்ள, ராத்தாவையே ஆக்கச் சொல்லுவம்" என்றான். அவள் கட்டோடு போய் மீதிப் பாத்திரத்தைக் கழுவினாள்.

கை பழகியது. ஒரு நாள் காலையில் ஸுலைஹாவின் வீட்டுக்கு நடந்து போனாள். வழியெல்லாம் எப்படிச் சொல்வதென்று யோசித்தாள், வாசலில் எல்லாம் மறந்துபோனது.

"மதினி, இண்டைக்குப் பார்சல் வேணாம். பகலைக்குச் சாப்பிட நீங்க எங்கட வீட்ட வாங்க."

ஸுலைஹாவின் முகம் வாடியது. "ஏன், என்ட சோறு பிடிக்கலையா?"

"பிடிச்சதாலதானே இவ்வளவு நாளும் சாப்பிட்டன். இனி நீங்களும் என்ட கையால சாப்பிட வேணும்."

ஸுலைஹா பகல் வந்தாள். நம்பிக்கையில்லாமல் ஒரு சின்னப் பார்சலும் கொண்டுவந்திருந்தாள். மேசையில் ரொட்டி இருந்தது, சம்பல் இருந்தது, குழம்புச் சட்டியோடு மீனாணம் இருந்தது. மீனை வெட்டிக் கொடுத்தது ஜௌபர்தான், அதைப் பஸீனா மறைக்கவில்லை. ரொட்டிகள் ஒன்றும் வட்டமாக இல்லை.

ஸுலைஹா ரொட்டியைக் கிள்ளிச் சம்பலில் தோய்த்து மென்றாள். ஜௌபர் சாப்பிடாமல் ராத்தாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சம்பலுக்கு உப்புப் பத்தாது" என்றாள் ஸுலைஹா.

கை விழுந்த பிறகு பஸீனாவிடம் ஒருவரும் இப்படிக் குறை சொன்னதில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது.

"ஓம் மதினி, பத்தாது" என்று சொல்லிக்கொண்டே உப்பெடுக்கக் குசினிக்குள் போனாள். ஸுலைஹா பின்னாலிருந்து, ஆணத்துக்குப் புளியும் கொஞ்சம் கூடிப்போச்சு என்றாள்.