இரண்டாவது பொட்டலம்

காக்கிச் சட்டையின் கையில் தைத்திருந்த மூன்று பட்டைகளுக்கு அடியில் ஒரு சவர பிளேடு நுழைந்து, நூலை ஒவ்வொன்றாக அறுத்தது. மைதானத்தில் நின்ற மற்ற பையன்களுக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்காது. நான் நேர் பின்னால் நின்றிருந்ததால் எனக்குக் கேட்டது. சட்டை எங்கள் மாணவர் படை சார்ஜென்டுடையது. அவனுக்கு அப்போது பதினைந்து வயது. பிளேடைப் பிடித்திருந்தவர் டிரில் சார். தையல் நெருக்கமாகப் போட்டிருந்ததால் பிரிப்பதற்கு நேரம் பிடித்தது. அவ்வளவு நேரமும் சார்ஜென்ட் கையை விறைப்பாகத் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு, கண்ணைக்கூட அசைக்காமல் நின்றான். அப்படி நிற்க எங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான்.

சீனச் சண்டை முடிந்த பிறகுதான் எங்கள் செஞ்சிப் பள்ளியில் மாணவர் படை பெருத்தது. அதற்கு முன் நாற்பது பேர் இருந்தார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகள், வாத்தியார்களின் பிள்ளைகள். சண்டைக்குப் பிறகு மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது என்றார்கள். சுவரில் சுண்ணாம்பால் ஒரு கோடு கிழித்து, அந்த உயரத்தைத் தொட்டவனையெல்லாம் சேர்த்துக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் சேர்ந்தேன். செருப்பே போட்டறியாத எங்கள் கால்கள் பூட்ஸுக்குள் போக மறுத்தன. 'சாவ்தான்' என்றால் நிமிர வேண்டும், 'விஸ்ராம்' என்றால் தளர வேண்டும் என்பது மட்டும் தெரியும். அது என்ன மொழி என்றுகூட எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

நான் சேர்ந்தது நாட்டுக்காக அல்ல. பரேடு முடிந்ததும் மந்தாரை இலையில் கட்டிய ஒரு பொட்டலம் கொடுப்பார்கள். மூன்று இட்லி, ஒரு வடை, கெட்டிச் சட்னி. வாரத்தில் இரண்டு நாள். எங்கள் வீட்டில் இட்லி என்பது தீபாவளிக்கு.

சார்ஜென்ட் அதற்காகச் சேர்ந்தவன் அல்ல. அவன் நயினார் வீட்டுப் பிள்ளை. இந்தப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற சமணக் குடும்பம். நிலம் இருந்தது. அவலூர்பேட்டையில் அவன் நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, மணிலாக்கொட்டை மண்டியும் இருந்தது. ஆனால் அவனுக்கு வேண்டியது பட்டாளம் ஒன்றுதான். கடைத்தெருவில் நடந்தாலும் கையை வீசி நடப்பான். 'எலிக்குக்கூட வெஷம் வெக்காத வீடு, இவன் துப்பாக்கி தூக்கப் போறானாம்' என்று கடைக்காரர்கள் சிரிப்பார்கள். அவன் நைனாவுக்குத் துளியும் விருப்பமில்லை. பிள்ளை இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்த பிறகு ஒரே ஒரு நிபந்தனையோடு விட்டார். பொழுது சாய்ந்த பிறகு வாயில் எதுவும் வைக்கக்கூடாது. அது அவர்கள் வீட்டு நோன்பு. அதில் என்றைக்குத் தவறினானோ அன்றைக்கே மண்டிக்கு வந்து உட்கார வேண்டும்.

டிரில் சாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் மண்டகப்பட்டுப் பக்கத்துச் சேரியில் பிறந்து, பட்டாளத்துக்குப் போய்த் திரும்பியவர். சிறு வயதில் டீக்கடையில் அவர் கையைக் குவித்துக் குனிய, மேலேயிருந்து ஊற்றுவார்களாம். "பட்டாளத்துலதான்டா நான் மொதமொத தட்டுல சாப்டேன்" என்று ஒரு முறை எங்களிடம் சொன்னார். அதனால்தானோ என்னவோ, பொட்டலங்களை வேறு யாரும் தொட விடமாட்டார். எல்லோரையும் ஒரே வரிசையில் தரையில் உட்காரவைத்து, ஒவ்வொருவனுக்கும் தன் கையால் கொடுப்பார். விலக்கு என்று யாரும் கேட்கக்கூடாது. ஒரு பையன் விரதம் என்று ஒரு நாள் சொன்னான். சார் கோபப்படவில்லை. "பட்டாளத்துல ஆளுக்கொரு சட்டம் கெடையாதுப்பா. நீ வூட்லயே இரு" என்று சொல்லி அன்றைக்கே பெயரை அடித்துவிட்டார். சார்ஜென்ட் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நாற்பது பேர் இருந்தபோது பரேடு சீக்கிரம் முடிந்துவிடும். படை பெருகப் பெருக நேரம் நீண்டது. ஐப்பசி பிறந்ததும் பொட்டலம் கைக்கு வருவதற்குள் பொழுது போய்விட்டது. செஞ்சியில் சூரியன் ராஜகிரிக்குப் பின்னால் சீக்கிரமே இறங்கிவிடும். "மலைக்கு அந்தாண்ட இன்னும் வெயில் இருக்குதுடா, சாப்புடு" என்று நான் சொல்லிப் பார்த்தேன். "எங்க வூட்ல மலைதான் கணக்கு. மறைஞ்சா மறைஞ்சதுதான்" என்றான்.

அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். மற்றவர்கள் சாப்பிடும்போது மரத் துப்பாக்கிகளை எண்ணி அறையில் அடுக்குவது சார்ஜென்டின் வேலை. பொட்டலத்தை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு அறைக்குப் போய்விடுவான். எல்லோரும் கலைந்த பிறகு வாசலில் எனக்காக நின்று, பிரிக்காத பொட்டலத்தை என்னிடம் கொடுப்பான். "யார்கிட்டயும் சொல்லாத. சொன்னா என் பேரையும் அடிச்சுடுவாரு" என்பான். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றுமே சாப்பிடாமல் இரண்டு மணி நேரம் கத்திக் கத்தி எங்களை நடத்தியவன், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வீட்டுக்குப் போவான். நான் அந்த இரண்டாவது பொட்டலத்தை வழியிலேயே தின்று தீர்ப்பேன். வீட்டில் தம்பி தங்கை இருந்தார்கள். வாயைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே நுழைவேன்.

மார்கழியில், குடியரசு நாள் அணிவகுப்புக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோது, சார் அதைப் பார்த்துவிட்டார். ஒரு தடவை பார்த்துச் சும்மா இருந்தார். மறுபடியும் பார்த்தார். அடுத்த பரேடில் எல்லோரையும் விறைப்பாக நிறுத்திவிட்டு சார்ஜென்டின் முன்னால் வந்து நின்றார்.

"எத்தினி நாளா நான் குடுக்கறத நீ சாப்டல?"

விறைப்பில் நிற்பவன் பேசக்கூடாது என்பது விதி. அவன் பேசவில்லை.

"என் கையால வாங்குனா உள்ள எறங்காதா, நயினார் வூட்டுப் புள்ளைக்கு?"

குரலை அவர் உயர்த்தவேயில்லை. அப்போதும் சார்ஜென்ட் வாய் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால் அது விலக்குக் கேட்பதாகும், பெயரை அடித்துவிடுவார் என்று பயந்திருப்பான். சார் நினைத்தது அது இல்லை என்று அவனுக்குப் புரிந்ததா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. சார் என் பக்கம் திரும்பினார்.

"நீதான வாங்கித் தின்ன? அவன் ஏன் சாப்டலன்னு சொல்லு. உனக்குத் தெரியும்."

எனக்குத் தெரியும். 'ராத்திரியில சாப்பிட மாட்டாங்க சார், அவங்க வீட்டு நோன்பு' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சார் எப்படிப்பட்ட மனிதர் என்பதும் எனக்குத் தெரியும். சாதியால் அல்ல என்று காதில் விழுந்திருந்தால் அவர் மனம் குளிர்ந்திருக்கும். எல்லோருக்குமே பொட்டலத்தைப் பரேடுக்கு முன்பே கொடுத்திருப்பார். அப்படிக் கொடுத்தால் சார்ஜென்ட் சாப்பிட்டுவிடுவான். அந்த ஒரு நொடியில் என் புத்தி அதுவரைக்கும் கணக்குப் போட்டது.

"தெரியாது சார்" என்றேன்.

நான் சிறு வயதிலிருந்தே கூச்ச சுபாவம். அதனால்தான் வாய் வரவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பசி என்றும் சொல்லிக்கொண்டேன். பசி உண்மைதான். ஆனால் 'தெரியாது சார்' என்று சொல்ல மட்டும் கூச்சம் தடுக்கவில்லையே.

அதன் பிறகுதான் பிளேடு வந்தது.

சார்ஜென்ட் அன்று மாலை நேராக வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொல்லியிருக்கிறான். அவன் நைனா பள்ளிக்கு வந்து சண்டை போடவில்லை. மறுநாளே சீருடையைத் துவைத்து மடித்து ஆள்மூலம் அனுப்பிவிட்டார். நோன்பைக் காப்பாற்றியவன்தான் கடைசியில் மண்டியில் போய் உட்கார்ந்தான். டிரில் சார் அன்றிலிருந்து பொட்டலத்தைத் தன் கையால் கொடுக்கவில்லை. அட்டெண்டரை விட்டுக் கொடுக்கச் சொல்லிவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு தூரத்தில் நிற்பார். அடுத்த வருடம் மாற்றலாகிப் போய்விட்டார். செஞ்சியில் ஒரு பையன் தன் கையை அருவருத்தான் என்ற நினைப்போடுதான் போயிருப்பார்.

அந்த மூன்று பட்டைகளையும் பொங்கல் முடிந்ததும் எனக்குக் கொடுத்தார்கள். என் அம்மா பெருமையோடு தைத்துக் கொடுத்தாள். படையில் சார்ஜென்டாக இருந்ததற்குக் கொடுத்த சான்றிதழைக் காட்டித்தான் தீயணைப்புத் துறையில் வேலைக்குச் சேர்ந்தேன். முப்பது வருடம் நான் தின்ற சோறு அதிலிருந்து வந்ததுதான்.

போன வருடம் எங்கள் பழைய பள்ளியில் மாணவர் படையை மறுபடியும் பெரிதாக்கினார்கள். பெற்றோர்கள் சிபாரிசுக் கடிதத்தோடு வரிசையில் நின்றார்கள். அந்தச் சமயத்தில் ஒரு நாள் எங்கள் பழைய சார்ஜென்ட் தீயணைப்பு நிலையத்துக்கு என்னைத் தேடி வந்தான். தலை நரைத்திருந்தது, முதுகு வளைந்திருந்தது. கடைசிப் பையன் செஞ்சியில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படிக்கிறானாம், படையில் சேர்ந்திருக்கிறானாம்.

"பரேடு முடிய இருட்டிடுதாம்பா. நான் வியாபாரி, போய்ச் சொன்னா ஒரு மாதிரி இருக்கும். நீ யூனிஃபார்ம் போட்டவன், சொன்னா கேப்பாங்க" என்றான்.

நான் அன்றைய பேச்சை எடுத்தேன். "அன்னைக்கு சார் கேட்டப்ப நான்..." என்பதற்குள் கையைத் தூக்கி நிறுத்தினான்.

"அத வுடு. புள்ளைக்காவது சொல்லிடு."

அந்த 'ஆவது' என்னை என்ன செய்தது என்று எழுத எனக்குப் படிப்பு போதாது.

இருவரும் பள்ளிக்குப் போனோம். அவன் சைக்கிள் நிறுத்துமிடத்திலேயே நின்றுகொண்டான். இப்போது இருக்கிற படை அதிகாரி சின்ன வயது வாத்தியார். சமணப் பிள்ளை, பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டான், அவனுக்கு மட்டும் டிபனை முன்னாலேயே கொடுக்க முடியுமா என்று கேட்டேன். அவர் கையிலிருந்த பட்டியலிலிருந்து நிமிரக்கூட இல்லை. "அதுக்கு இன்னாங்க சார், அஞ்சு மணிக்கே வாங்கிக்கச் சொல்லுங்க" என்றார். உட்கார்ந்த நாற்காலி சூடாகும் முன்பே எழுந்து வந்துவிட்டேன்.

"இன்னா சொன்னாரு?" என்று கேட்டான்.

"சரின்னுட்டாரு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

என் முகத்தைப் பார்த்தான். பிறகு, அவலூர்பேட்டை பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனான்.