உள்ளே ஆள் இருந்த பூட்டிய வீடுகள்

வெள்ளவத்தையில் நான் இருக்கும் மாடியில், எதிர்வீட்டுக் கேற்றில் பெரிய பூட்டு. மகன் வேலைக்குப் போகும்போது பூட்டிவிட்டுப் போகிறார். உள்ளே தாய் தனியே. போன கிழமை படியேறி வரும்போது அந்தப் பூட்டுக்கு அப்பாலிருந்து கருவாடு பொரிக்கிற வாசம் வந்தது. அப்படியே நின்றுவிட்டேன். பூட்டிய வீடுகளை நாங்கள் கணக்கில் எடுக்கவேயில்லையே என்று அப்போதுதான் உறைத்தது.

நாங்கள் என்றால், என் முதல் வேலையில். பொரளையில் ஓர் ஆய்வு அலுவலகம். குறைந்த வருமானக் குடும்பங்கள் எவ்வளவு கடன்பட்டிருக்கின்றன, அதற்காக எதைக் குறைத்துக்கொள்கின்றன என்று வீடு வீடாகக் கேட்க வேண்டும். எனக்குக் கிடைத்தது கொட்டாஞ்சேனையில் ஒரு தோட்டம். தோட்டம் என்றதும் மரங்களைத் தேடாதீர்கள். ஒரு தண்ணீர்க் குழாயைச் சுற்றி நெருக்கியடித்த சின்ன வீடுகள். முதல் நாள் நானும் தேடினேன், யாழ்ப்பாணத்துக்காரி அல்லவா. கஷ்டத்தைச் சரியாக அளந்துவிட்டால் அரைவாசி தீர்ந்த மாதிரி என்று நம்பிய வயது.

வியாழக்கிழமைகளில் அங்கே பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும். பூட்டியிருந்தால் அடுத்த வீட்டை எடு என்பது அலுவலக விதி. எடுத்தேன். திறந்த வீடுகளில் பிளேன்டீ தந்தார்கள், பெரிய கடன் ஒன்றும் இல்லை என்றார்கள்.

ஒருநாள் பூட்டிய கதவொன்றை ஏனோ தட்டினேன். உள்ளேயிருந்து ஒரு பெண்குரல், மெதுவாக.

“யாரு, லோன் கம்பனியா?”

“இல்லை அக்கா, சர்வே.”

“சர்வேன்னா காசு குடுக்கிறதா, வாங்கிறதா?”

“ரெண்டும் இல்லை. கேக்கிறது மட்டும்தான்.”

“அப்ப ஜன்னல் பக்கம் வாங்க. ஃபைலை மறைச்சுப் பிடிங்க, பாக்கிறவங்க பயந்துருவாங்க.”

அவர்தான் ஸ்டெல்லா அக்கா. தையல் வேலை. ஜன்னல் கம்பிகளுக்கு ஊடாக எல்லாம் சொன்னார். பெண்கள் குழுவாகச் சேர்ந்து எடுக்கிற கடன், வியாழன்தோறும் தவணை வசூல். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். கையில் காசில்லாத வியாழனில் பக்கத்து வீட்டு மெர்சி அக்கா வந்து வெளியே பூட்டுவார், வசூல் ஆள் போனதும் திறந்துவிடுவார். மெர்சி அக்காவுக்கு முடியாத கிழமையில் ஸ்டெல்லா அக்கா பூட்டுவார். இரண்டு பேரும் ஒரே குழு. ஸ்டெல்லா அக்கா கடைசிவரை கட்டாமல் விட்டால், பூட்டிக் காப்பாற்றிய மெர்சி அக்காவின் தலையில்தான் அது விழும்.

“அவகிட்ட ஒரு சோடித் தோடு இருக்கு தங்கச்சி. என்னால அது அடகுக்குப் போயிறக் கூடாது. அதான் எனக்குப் பயம்.”

சர்வே முடிந்த பிறகும் போய்வந்தேன். என் அறையில் கதைக்க ஒருவரும் இல்லை. சும்மா போக வெட்கமாக இருந்ததால் ஒவ்வொரு முறையும் ஒரு சட்டையைக் கொண்டுபோய்ப் பிடித்துத் தைக்கக் கொடுப்பேன். கடைசியில் மூச்சுவிடக்கூடிய சட்டை ஒன்றும் என்னிடம் மிஞ்சவில்லை.

பிறகு ஒரு வியாழன், ஸ்டெல்லா அக்காவின் கதவு அகலத் திறந்து கிடந்தது. உள்ளே மெஷின் இல்லை, ஆளும் இல்லை. மெர்சி அக்கா வாசலில் நின்றார். காதில் தோடு இல்லை. துளை மூடாமலிருக்க ஈர்க்குத் துண்டு செருகியிருந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

“தோடு போனாப் போகட்டும். எனக்கு மூஞ்சியக் காட்ட முடியாமப் போயிட்டாளே. நான் என்ன கேட்டேன் அவளை?”

எங்கள் அறிக்கை பிறகு வந்தது. கடன்சுமை தாங்கக்கூடிய அளவே என்றது. கதவைத் திறந்தவர்களுக்கு அது சரிதான்.

கருவாட்டு வாசம் வந்த மறுநாள் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். தோட்டம் இல்லை. தண்ணீர்க் குழாய் இருந்த இடத்தில் வாகனத் தரிப்பிடம். ஆட்களை மாடி வீடுகளுக்கு மாற்றிவிட்டார்கள். விசாரித்து, லிஃப்ட் வேலை செய்யாத ஒரு மாடியில் மெர்சி அக்காவைப் பிடித்தேன். நீளமான நடை, இருபுறமும் ஒரே மாதிரிக் கதவுகள். பக்கத்தில் யார் என்று கேட்டேன். தெரியாது என்றார். இங்கே எல்லோரும் தாங்களே உள்ளே பூட்டிக்கொள்கிறார்களாம். ஸ்டெல்லா அக்காவை ஹெந்தளையில் ஒரு சேர்ச்சடியில் கண்டதாக யாரோ சொன்னார்களாம். கால் ஏலாததால் தன்னால் தேடிப் போக முடியவில்லையாம்.

பூட்டிய வீடுகளுக்கு மறுபடி போய்க் கேட்கும் ஒரு திட்டத்தை எழுதத் தொடங்கியிருக்கிறேன். அதற்கு முதல், வருகிற ஞாயிறு பூசை விடும் நேரத்துக்கு ஹெந்தளை பஸ் எடுக்கிறேன். ஸ்டெல்லா அக்காவைக் கண்டால் கேள்வி ஒன்றும் கேட்பதில்லை. மெர்சி அக்கா உங்களைத் தேடுகிறார் என்று மட்டும் சொல்ல வேண்டும்.