இலட்சுமிப்பிள்ளையின் மகஜர்

செட்டிபாளையத்து இலட்சுமிப்பிள்ளைக்கு ஓர் இடத்தில் இருக்க வராது. சோற்றுக் கோப்பையைக் கையில் ஏந்திக்கொண்டு வளவைச் சுற்றிச் சுற்றித்தான் சாப்பிடுவாள். ஐம்பத்தாறு வயதாகியும் அந்தக் குணம் போகவில்லை. புருஷன் நல்லரத்தினம் வாவியில் மீன்பிடிக்கிறவர். தோணியில் மணிக்கணக்காக அசையாமல் இருக்கிற மனிதர். அவருக்கும் சேர்த்து இவள் ஓடுகிறாள் என்று ஊரில் சொல்வார்கள்.

கடல் ஊருக்குள் வந்து போன மறுவருடம் அவள் வளவில் பதினெட்டுக் கொய்யா நட்டாள். உப்பேறிய மண்ணில் எதுவும் வராது என்று எல்லாரும் சொல்ல, குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து வளர்த்தெடுத்தாள். பழத்தை நறுக்கி, மிளகாய்த்தூளும் உப்பும் தூவி, பிரதான வீதியில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களிடம் விற்பாள். இந்த வருடம் காய்ப்பு நன்றாக இருந்தது. ஆனால் விடிய எழும்பிப் பார்த்தால் மரத்தடியெல்லாம் பாதி தின்ற பழம். வலை போட்டாள். தகரம் கட்டினாள். விளக்குப் போட்டாள். ஒன்றும் சரிவரவில்லை.

இரண்டு கட்டைத் தூரம் தள்ளி வாவிக்கரையில் ஒரு சின்ன இயற்கைப் பூங்கா இருந்தது. அங்கே ஏழு மருதமரங்களில் பெரிய வௌவால்கள் நூற்றுக்கணக்கில் தொங்கின. அவை பின்னேரத்தில் கிளம்புவதைப் பார்க்க மட்டக்களப்பு நகரத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். இலட்சுமிப்பிள்ளை ஒருநாளும் அங்கே எட்டிப் பார்த்ததில்லை. ஆனாலும் தன் பழத்தைத் தின்பவை அவைதான் என்று முடிவுகட்டிவிட்டாள். அந்த மரங்களை வெட்டும்படி பிரதேச சபைக்கு ஒரு மகஜர் கொடுப்பதென்று கிளம்பினாள். மாதர் சங்கத்தில் எழுத்து வேலை பார்க்கும் அயல்வீட்டு வதனி அதை அழகாக எழுதிக் கொடுத்தாள். மூன்று நாள் வீடு வீடாக நடந்து நாற்பத்தொரு கையெழுத்து வாங்கியாயிற்று. திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுப்பதாக ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அவளுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. எதிரியைக் கண்ணாலே பார்த்துவிட்டு வரலாம் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு பூங்காவுக்குப் போனாள். காவலாளி ஜெயந்தன் வாங்கைக் காட்டி இருக்கச் சொன்னான். அவள் இருக்கவில்லை. எத்தனை மணிக்கு வெளிக்கிடும் என்று இரண்டு தரம் கேட்டாள். ஆறேகால் கழியும் என்றான் அவன்.

வெயில் இறங்க இறங்க மரங்களுக்குள் சச்சரவு தொடங்கியது. கீச்சிட்டன, ஒன்றையொன்று தள்ளின, சிறகை விரித்து விரித்து மடக்கின. ஒன்று பறந்து வட்டமடித்துத் திரும்பவும் கிளையில் தொங்கியது. பிறகு ஒன்று போனது, அதன் பின்னால் நாலைந்து. அதற்குப் பிறகு கண்ணால் பிரித்தறிய முடியாதபடி மரத்திலிருந்து புகை எழும்புவதுபோல எழும்பின. எல்லாம் ஒரே பக்கம். வாவிக்கு மேலால், சூரியன் விழுந்த பக்கம், மேற்குக் கரையான படுவான்கரையை நோக்கி.

இலட்சுமிப்பிள்ளை கழுத்து நோக அண்ணாந்து பார்த்தாள். ஒன்றாவது கிழக்கே, தன் வீட்டுப் பக்கம் திரும்பும் என்று காத்திருந்தாள். திரும்பவில்லை.

"தம்பி, நம்மட பக்கம் ஒண்டும் வரல்லியே?"

"நாலு வருஷமாப் பாக்கிறன் அக்கா. இதுகள் வாவியத் தாண்டித்தான் போறது."

அவள் நம்பவில்லை. இன்றைக்குத்தான் அப்படி என்று நினைத்துக்கொண்டு சனிக்கிழமையும் போனாள். அன்றும் அதே வழி. ஞாயிற்றுக்கிழமை பாதி தின்ற கொய்யா ஒன்றைப் பையில் போட்டுக் கொண்டுபோய் ஜெயந்தனிடம் நீட்டினாள். அவன் அதை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு, இது சின்னப் பல் என்றான். சின்ன வௌவால்கள் ஓலைக்குள் ஒளிந்து கிடக்கும், வீட்டுக்குக் கிட்ட எங்கேயாவது பாருங்கள் என்றும் சொன்னான்.

விடிந்ததும் அவள் கிணற்றடிக்குப் போனாள். அங்கே இரண்டு பனை நின்றன. காவோலை வெட்டி வருடக்கணக்காகிறது. காய்ந்த ஓலை கீழ்நோக்கிப் பாவாடைபோலத் தொங்கியது. அடியில் சப்பித் துப்பிய சக்கையும் கொய்யா விதையுமாக நிலமே தெரியவில்லை. நல்லரத்தினம் நீளக் கம்பால் ஓலையைத் தட்டினார். இருபது, இருபத்தைந்து சின்ன வௌவால்கள் பதறிக்கொண்டு பறந்தன.

"நம்மட வளவுக்குள்ளதான் இருந்திருக்கு," என்றார் அவர்.

இலட்சுமிப்பிள்ளை முகம் கழுவாமலே வதனி வீட்டுக்கு ஓடினாள். நடந்ததைச் சொல்லி, மகஜரைத் திருப்பித் தரும்படி கேட்டாள். வதனி உடுத்து வெளிக்கிட்டு, கடிதக் கோவையும் கையுமாக நின்றாள்.

"அக்கா, உங்கட கொய்யாவுக்காக மட்டும் சனம் கையெழுத்து வைக்கல்ல. ஒராளுக்கு நாத்தம், ஒராளுக்குக் கிணத்துக்குள்ள எச்சம். எனக்குப் பிள்ளையளுக்குக் காய்ச்சல் வந்திருமெண்டு பயம். நீங்க வந்து கேட்ட பிறகுதான் எல்லாரும் வாய் திறந்தாங்க. இனி எப்படிகா வேணாமெண்டு சொல்லுற?"

இலட்சுமிப்பிள்ளை பேனையை வாங்கித் தன் பெயரை வெட்டினாள். பிறகு மத்தியானம் வரைக்கும் நேரம் கேட்டுக்கொண்டு, ஏறிய படியெல்லாம் திரும்ப ஏறினாள். சிலர் சிரித்தார்கள். ஒருவர், உனக்கு விசர் பிடித்துவிட்டதா என்று கேட்டார். ஒன்பது பேர் தங்கள் பெயரை வெட்டினார்கள். மிச்சம் முப்பத்தொரு கையெழுத்தோடு மகஜர் போய்ச் சேர்ந்தது.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவளுக்கு நித்திரை சரியில்லை. பகலில் கொய்யா ஒவ்வொன்றுக்கும் கடதாசிப் பை கட்டினாள். பழம் தப்பியது. காவோலையை வெட்டவா என்று நல்லரத்தினம் கேட்டதற்கு, இப்ப வேணாம் என்றாள். பின்னேரமானால் சைக்கிள் பூங்காவுக்குத் தானாகத் திரும்பியது. வீதியில் வாகனச் சத்தம் கேட்டாலே, மரம் வெட்ட வந்துவிட்டார்களோ என்று எழும்பிப் பார்ப்பாள்.

ஒருநாள் காலை அதிகாரிகள் இரண்டு பேர் மரங்களைப் பார்க்க வந்தார்கள். ஜெயந்தன் போன் பண்ணிச் சொல்ல, விற்பனைத் தட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். வதனியும் வேறு சிலரும் நின்றார்கள். அவர்களைத் தாண்டி முன்னால் போனாள்.

"ஐயா, இந்த மகஜர் எழுதச் சொன்னது நான்தான். பாக்காமப் பிழையாச் சொல்லிட்டன். எண்ட பழத்தத் திண்டது எண்ட பனையில இருந்ததுகள்தான்."

வதனி வேறு பக்கம் பார்த்தாள். அதிகாரிகளில் பெரியவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். மற்றவர்களுடைய முறைப்பாட்டையும் எழுதிக்கொண்டார்.

மூன்று கிழமை கழித்து முடிவு வந்தது. வீதிப் பக்கம் சாய்ந்து நின்ற ஒரு மரத்தை மட்டும் வெட்டுவது, மற்ற ஆறையும் விடுவது. வெட்டுகிற அன்று காலை இலட்சுமிப்பிள்ளை போகவில்லை. பின்னேரம்தான் போனாள். மரம் நின்ற இடத்தில் மரத்தூளும் வெளிச்சமும் கிடந்தன. அதிலிருந்த வௌவால்கள் பகல் முழுக்க அலைந்து, மற்ற மரங்களில் இடம் பிடிக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

"ஆறாவது மிஞ்சிச்சு அக்கா," என்றான் ஜெயந்தன்.

அன்று ஆறேகால் தாண்டியும் அவை போகவில்லை. கிளம்புவதும், இல்லாத மரத்துக்கு மேலே வட்டமடிப்பதும், திரும்பி வருவதுமாக இருந்தன. வந்த சனம் அலுத்துப்போய் வீட்டுக்குப் போனது. இலட்சுமிப்பிள்ளை கரைக்கும் வேலிக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். ஏழு மணிக்குக் கிட்டத்தான் முதலாவது கூட்டம் வாவியைத் தாண்டியது.