கோது சிக்கும் துவக்கு

ஐம்பது கழிந்தபிறகு நான் துவக்குச் சுடப் பழகப்போகிறேன் என்றதும் கனடாவில், அஜின்கோர்ட்டில் உள்ள எங்கள் சொந்தபந்தம் எல்லாம் வாயைப் பிளந்தது. காரணம் என் கணவருக்கு மட்டும் தெரியும். ஒவ்வொரு கனடா தினத்திலும் வாணவெடி தொடங்கியதும் நான் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டி, காற்றாடியைச் சத்தமாக ஓடவிட்டு, நிலத்தில் குந்தியிருப்பேன். அவர் வெளியே கதவோடு சாய்ந்திருந்து, பக்கத்து வீட்டுப் பூனை, வேலையிடத்துப் புதினம் என்று வாயில் வந்ததையெல்லாம் பேசிக்கொண்டிருப்பார். முப்பது வருடமாக இதே கூத்துத்தான். அந்தச் சத்தம் ஒருமுறையாவது என் விரல் சொல்வதைக் கேட்கவேண்டும் என்று எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது.

உரிமத்துக்கான வகுப்புக்கு இருவருமாகப் போனோம். என்னைத் தனியே விட அவருக்கு மனமில்லை. சோதனையில் என்னைவிடக் கூடிய புள்ளி அவருக்குத்தான். ஆனால் அவர் இன்றுவரை ஒரு வெடி வைத்ததில்லை. விட்பிக்கு அப்பால் உள்ள சுடுதளத்துக்கு என்னைக் கூட்டிப்போவார், துவக்குப் பெட்டியை ஏற்றி இறக்குவார். பிறகு கார்க் கண்ணாடிகளை இறுக மூடி, பக்திப் பாட்டைப் பலமாகப் போட்டுவிட்டு உள்ளேயே இருந்துவிடுவார்.

துவக்கு, பிறம்ரனில் ஒரு கிழவரிடம் வாங்கிய பழையது. சின்னத் தோட்டா போடுவது. விசையை ஒருமுறை இழுத்தால் ஒன்று வெடித்து, வெற்றுக் கோது வெளியே பறந்து, அடுத்த தோட்டா தானாக ஏறவேண்டும். இது மூன்றாவது வெடியிலேயே கோதைக் கடித்துக்கொண்டு நின்றுவிடும். வெடியைக்கூடத் தாங்கலாம். இதோ வருகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்க வராத வெடிதான் என்னைத் தின்றது. ஊரில் சண்டைக் காலத்தில் பதுங்குகுழிக்குள்ளும் அந்த இடைவெளிதான் எங்களைக் கொன்றது. வீட்டில் கோப்பை வைக்கிற சத்தத்துக்கும் நான் திடுக்கிடத் தொடங்கினேன். இது சரிவராவிட்டால் விற்றுத் தொலைத்துவிட்டு, சாகும்வரை குளியலறைதான் என்று தீர்மானித்தேன்.

லேசில் விடவுமில்லை. தோட்டாவை மாற்றிப் பார்த்தேன். தோட்டா அடுக்கும் மகசின் புதிதாக வாங்கினேன். கோதை இழுத்தெறியும் கொக்கியைப் பழைய பல்துலக்கியால் தேய்த்தேன். கிழவரைத் திட்டாத நாளில்லை. என்ன வினோதமென்றால், வீட்டில் கழற்றித் துடைத்து எண்ணெய் போட்டு, வெறுமனே இழுத்துப் பார்த்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். சுடுதளத்துக்குப் போனதும் இறுகிவிடும்.

ஒரு சனிக்கிழமை, முதல் வெடிக்கு முன்பே உள்ளே பார்த்தேன். முன்னும் பின்னும் ஓடும் இரும்பில் எண்ணெயோடு குழைந்த சாம்பல்நிறச் சேறு. முதல்நாள்தான் பளிச்சென்று துடைத்து வைத்திருந்தேன். சுடாத துவக்கில் கரி எங்கிருந்து வரும்? விரலால் தொட்டு மோந்தேன். எங்கள் சாமித்தட்டின் மணம். கோது பறக்கும் வாசலை ஒட்டி, எண்ணெய் படாத இடத்தில் மூன்று விரற்கோடுகள் தெரிந்தன.

துவக்கைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு போய்க் கார்க் கண்ணாடியில் தட்டினேன். அவர் பாட்டைக் குறைத்து, கண்ணாடியை இறக்கினார்.

“இஞ்சருங்கோ, துவக்குக்குத் திருநீறு பூசினனீங்களோ?”

“ஓம். ஒவ்வொருக்காவும் பெட்டியைக் காரிலை ஏத்த முந்தி.”

“ஏன்?”

“அது உமக்கு ஒண்டும் செய்யக்கூடாதெண்டு.”

இரண்டு மாதம் சேர்த்துவைத்த ஏச்சு முழுவதும் நாக்கு நுனிவரை வந்து, அங்கேயே கரைந்துபோனது. கடவுளைப் பற்றி நான் கிண்டலடிக்கிறபோதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற மனிதர். எனக்குத் தெரியாமல் பூட்டைத் திறந்து, எனக்காக ஒரு இரும்பைக் கும்பிட்டிருக்கிறார். அந்த இடத்திலேயே அவரைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போலிருந்தது.

“துவக்கை விடுங்கோ, எனக்குப் பூசுங்கோ,” என்றேன்.

சட்டைப் பையிலிருந்த திருநீற்றுச் சரையைப் பிரித்து, கண்ணாடிக்கு வெளியே கையை நீட்டி என் நெற்றியில் பூசினார். விரல்கள் ஐஸ்போலக் குளிர்ந்திருந்தன. வெளியே அடித்த குளிரால் என்றே நினைத்தேன்.

திரும்பிப் போய்ச் சேற்றை வழித்துத் துடைத்தேன். மகசினை நிரப்பிச் சுட்டேன். ஒன்றன்பின் ஒன்றாகக் கோதுகள் பறந்தன. பத்துத் தோட்டாவில் ஒன்றுகூடச் சிக்கவில்லை. பாதிக்கு மேல்தான் கவனித்தேன், நான் கண்ணை மூடவில்லை.

ஓடாத குறையாகக் காருக்கு வந்தேன். பாட்டு இல்லை. அந்தக் குளிரிலும் நாலு கண்ணாடிகளும் இறக்கியிருந்தன. அவர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தபடி இருந்தார். முகத்தில் ஒரு சொட்டு இரத்தமில்லை.

“பத்தும் கேட்டுது,” என்றார்.

அந்தக் கைகளைப் பிடித்து விரல் விரலாக விடுவித்தேன். அவரும் அதே ஊரிலிருந்து, அதே குழிகளுக்குள்ளிருந்து வந்தவர்தானே. முப்பது வருடமாக எனக்காவது உள்ளே காற்றாடிச் சத்தம் இருந்தது. கதவுக்கு வெளியே அவருக்கு அதுகூட இருக்கவில்லை.